போதிகை

போதிகை என்பது தூணின் தலைக்கும் அதன்மேல் கிடக்கும் உத்திரத்துக்கும் நடுவே, உத்திரம் செல்லும் திசையிலேயே கிடையாக வைக்கப்படும் குறுங்கட்டை ஆகும். மரத்தூணானால் மரத்திலும், கல்தூணானால் கல்லிலும் இது செய்யப்படும். தூணைவிட நீளமாக இருப்பதால் இதன் இரு முனைகளும் தூணுக்கு வெளியே கைகளைப்போல நீண்டு உத்திரத்தைத் தாங்கும். தச்சு வேலையில் பிறந்து கோயிற்கட்டடக் கலைக்குச் சென்ற சொற்களுள் இது ஒன்று. ஒரு கோயில் எந்தக் காலத்தில் கட்டப்பட்டது என்பதை அறிய ஆய்வாளர்கள் முதலில் பார்க்கும் உறுப்புகளிலும் இதற்கு இடம் உண்டு.

அகத்தியரோடு தொடர்புபடுத்தப்படும் பொதிகை மலையின் பெயர் வேறு, இது வேறு. மலைப்பெயர் குறில் எழுத்தில் தொடங்குவது. தூணின் உறுப்பு நெடிலில் தொடங்குவது. அச்சிட்ட தலவரலாறுகளிலும் இணையப் பக்கங்களிலும் 'பொதிகைத் தூண்', 'புஷ்பப் பொதிகை' என்றெல்லாம் பிழையாக எழுதப்படுவதைக் காணலாம்.

தூணின் உறுப்புகளில் போதிகையின் இடம்

கோயில் தூண் ஒன்றைக் கீழிருந்து மேலாகப் பார்த்தால் முதலில் உடல் பகுதி. இதைக் கால் என்பர். சதுரமாகவோ, எண்பட்டையாகவோ, பதினாறு பட்டையாகவோ, உருளையாகவோ இருக்கும். உடலின் மேற்பகுதியில் முத்துச்சரம் தொங்குவதுபோன்ற மாலைத்தொங்கல். அதற்கு மேல் தாடி, குடம், பாலி, பலகை என்று வரிசையாக உறுப்புகள் அமையும். பலகை என்பது பெயருக்கேற்பத் தட்டையான சதுரப் பலகை. அதன்மேல் ஒரு குட்டைக் கழுத்து. அதற்கு வீரகண்டம் என்று பெயர். வீரகண்டத்தின்மேல் அமர்வதுதான் போதிகை. போதிகையின் மேல் உத்திரம், உத்திரத்தின் மேல் வாஜனம், வலபி என்று கூரைப் பகுதி தொடங்கிவிடும்.

எல்லாத் தூண்களிலும் இந்த உறுப்புகள் அனைத்தும் இருக்க வேண்டும் என்பதில்லை. முற்காலப் பல்லவர் குடைவரைகளில் கனமான ஒரு தூண், மேலும் கீழும் சதுரம், நடுவே எண்பட்டைக் கட்டு, அதன்மேல் நேராகப் போதிகை என்று முடிந்துவிடும். குடமும் பலகையும் இல்லாத தூண்கள் பல உண்டு. ஆனால் உத்திரம் சுமக்கும் தூணில் போதிகை மட்டும் பெரும்பாலும் விடுபடுவதில்லை.

ஆங்கிலத்தில் எழுதுவோர் இதை 'கேப்பிட்டல்' என்றும் 'கார்பெல்' என்றும் குறிப்பிடுவர். இரண்டும் சரியாகப் பொருந்துவதில்லை. கேப்பிட்டல் என்பது தூணின் தலை. அசோகரின் சாரநாத் தூணில் இருந்த நான்கு சிங்கங்கள் கொண்ட பகுதி ஒரு கேப்பிட்டல். அது எந்த உத்திரத்தையும் தாங்கவில்லை. தமிழ்நாட்டுத் தூணில் குடமும் பலகையும் சேர்ந்த பகுதியே அதற்கு இணையானது. போதிகை அதற்கும் மேலே உள்ள தனி உறுப்பு. கார்பெல் என்பது ஒரு முனை சுவருக்குள் புதைந்திருக்க, மறுமுனை வெளியே நீள்வது. போதிகையோ நடுவில் தூண்மேல் அமர்ந்து, தராசுக்கோல்போல இருபுறமும் நீள்வது. இதே வேலையைச் செய்யும் கட்டையை ஜெர்மானியத் தச்சர்கள் 'சாட்டல்ஹோல்ட்ஸ்', அதாவது சேணக்கட்டை என்கிறார்கள். ஸ்பானியர் 'சபாட்டா' என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குக் காலணி என்று பொருள். ஆக, இது ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய உத்தி அன்று. தூணும் உத்திரமும் கொண்டு கட்டிய தச்சர் பலரும் தத்தம் ஊரில் இந்தக் கட்டையைக் கண்டறிந்து, தம் கண்ணுக்குத் தோன்றிய பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

சொல்லின் பிறப்பு

மணிமேகலையில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதையில் இச்சொல் வருகிறது. சோழ மன்னனின் மண்டபம் ஒன்றை வருணிக்கும் பகுதி அது. மகத நாட்டுக் கைவினைஞரும், மராட்டக் கம்மியரும், அவந்தி நாட்டுக் கொல்லரும், யவனத் தச்சரும் தமிழ்நாட்டு வினைஞரோடு கூடிக் கட்டியது என்று சொல்லப்படும் அந்த மண்டபத்துக்குப் பவளத்தாலான தூண்களும், பல மணிகள் பதித்த போதிகைகளும், முத்துமாலை தொங்கும் விதானமும் இருந்தனவாம். பவளத்தில் தூண் செய்ய முடியாது என்பது புலவருக்கும் தெரியும். ஆனால் பொருளை மிகைப்படுத்தும் புலவர் உறுப்புகளை முறை மாற்றாமல் சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்: முதலில் தூண், அதன்மேல் போதிகை, அதற்கும் மேலே விதானம். படிப்பவர்களுக்குப் போதிகை என்றால் என்ன என்று அவர் விளக்கவும் இல்லை. அக்காலத்திலேயே அது அறிந்த சொல்லாக இருந்திருக்கிறது.

வடமொழிச் சிற்ப நூல்களான மயமதம், மானசாரம் ஆகியவற்றிலும் இவ்வுறுப்புக்கு இதே பெயர்தான். வடமொழியில் இது இரு விதமாக எழுதப்படுகிறது. ஒன்று வல்லோசைப் பகரத்தில் தொடங்கும் 'போதிகா'. மற்றொன்று 'புத்தர்' என்ற சொல்லில் வருவதுபோன்ற மெல்லோசைப் பகரத்தில் தொடங்கும் 'போதிகா'. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லாததால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். அம்பிகா அம்பிகை ஆனதும், சந்திரிகா சந்திரிகை ஆனதும், பத்திரிகா பத்திரிகை ஆனதும் எந்த முறையிலோ, அதே முறையில் போதிகா தமிழில் போதிகை என்று நிற்கிறது. கன்னடத்தில் 'போதிகெ' என்றும் மலையாளத்தில் 'போதிக' என்றும் வழங்குகிறது. தென்னாட்டு மொழிகள் பலவற்றில் ஒரே தொழிற்சொல்லாக இது பரவியிருப்பதிலிருந்து, ஊர் ஊராகச் சென்று வேலை செய்த தச்சர்களோடும் சிற்பிகளோடும் சொல்லும் பயணப்பட்டது என்று கொள்ளலாம்.

இச்சொல்லுக்கு இரண்டு பொருத்தமற்ற விளக்கங்கள் வழக்கில் உள்ளன. முதலாவது, 'போது' என்பதிலிருந்து வந்தது என்பது. போது என்றால் மலரும் பருவத்து அரும்பு. இன்று நாம் கோயில்களில் காணும் போதிகைகள் பெரும்பாலும் தலைகீழாகத் தொங்கும் தாமரை மொட்டு வடிவில் இருப்பதால் இந்த விளக்கம் கேட்டவுடன் மனத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் காலவரிசை இதற்கு இடம் தரவில்லை. மொட்டு வடிவம் முழுமை பெற்றது விசயநகர காலத்தில், அதாவது 14ஆம் நூற்றாண்டுக்குப் பின்னர். மணிமேகலையின் காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தாலும், அதை எவரும் விசயநகர காலத்துக்குக் கொண்டுவந்ததில்லை. பல்லவர் காலத்துப் போதிகைகளில் மொட்டு என்பதே கிடையாது. பெயர் முதலில் வந்துவிட்டது, மொட்டு பல நூற்றாண்டுகள் கழித்து வந்தது. பின்னால் வந்த வடிவம் முன்னால் இருந்த பெயருக்குக் காரணமாக முடியாது.

இரண்டாவது விளக்கம் போதி மரத்தோடு தொடர்புபடுத்துவது. மணிமேகலை பௌத்தக் காப்பியம் என்பதாலும், சொல் ஒலியில் நெருங்கி வருவதாலும் இப்படி ஓர் எண்ணம் எழுகிறது. ஆனால் காப்பியத்தில் இச்சொல் வருவது அரசன் வீற்றிருக்கும் மண்டபத்தின் வருணனையில்; விகாரத்திலோ பீடிகையிலோ அன்று. சிற்ப நூல்களும் இதைச் சைவ, வைணவக் கோயில்களுக்கும் வீடுகளுக்கும் பொதுவான உறுப்பாகவே சொல்கின்றன.

இவ்விரண்டையும்விடக் கருதத்தக்கது 'மதலை' என்ற தமிழ்ச்சொல்லோடு உள்ள ஒப்புமை. மதலைக்குத் தமிழில் குழந்தை, மரக்கலம், தூண், பற்றுக்கோடு என்று பல பொருள் உண்டு. திருக்குறளில் பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில் இச்சொல் பற்றுக்கோடு என்ற பொருளில் ஆளப்பட்டுள்ளது. வடமொழியில் 'போத' என்ற சொல்லுக்கும் குட்டி, மரக்கலம் என்ற இரு பொருளும் உண்டு. போதிகையில் ஒரு வகைக்கு மதலைப் போதிகை என்றே பெயர். தூணின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கும் சிறு கட்டையைத் தச்சர்கள் பிள்ளையாகவோ படகாகவோ கண்டிருந்தால் வியப்பில்லை. காலணியாகவும் சேணமாகவும் கண்டவர்கள் வேறு நாடுகளில் இருக்கிறார்களே. ஒப்புமையை ஒப்புமையாக மட்டும் கொள்வது நல்லது. அதையே வேர்ச்சொல் என்று சாதிக்க வேண்டியதில்லை.

போதிகை ஏன் தேவைப்படுகிறது

மரத்தூண் ஒன்றின்மேல் உத்திரத்தை நேராக வைத்தால் மூன்று தொல்லைகள் வரும்.

முதல் தொல்லை நசுங்குதல். மரத்தின் நார்கள் மரம் வளர்ந்த திசையில் ஓடுபவை. நின்ற நிலையில் உள்ள தூண் நாரின் நீளத்தில் பாரத்தைத் தாங்குவதால் வலிமையாக இருக்கும். படுத்த நிலையில் உள்ள உத்திரம் நாருக்குக் குறுக்காக அழுத்தப்படுகிறது. அந்தத் திசையில் மரம் மிகவும் மென்மை. சிறிய தூண்தலை பெரிய பாரத்தோடு அழுத்தும்போது உத்திரத்தின் அடிப்பகுதி நசுங்கும். நடுவே நீளமான ஒரு கட்டையை வைத்தால் உத்திரம் அமரும் இடம் பெரிதாகிறது.

இரண்டாவது, இணைப்பு. நீண்ட கூடத்துக்கு ஒரே உத்திரம் போதாது. இரண்டு உத்திரங்கள் சந்திக்கும் இடம் தூணின் தலையாகத்தான் இருக்க வேண்டும். ஓரடி அகலத் தூணில் இரண்டு உத்திரங்களுக்கும் ஆளுக்கு அரையடிதான் இடம். சற்று விலகினாலும் விழுந்துவிடும். போதிகை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை அடியோ இரண்டடியோ கிடைக்கும்.

மூன்றாவது இடைவெளி. இதை ஒரு கணக்கால் பார்க்கலாம். இரண்டு தூண்களின் மையங்களுக்கு இடையே 8 அடி, ஒவ்வொரு தூணும் 1 அடி அகலம் என்று கொள்வோம். தாங்கல் இல்லாமல் உத்திரம் கடக்க வேண்டிய தூரம் 7 அடி. இரு தூண்களிலும் பக்கத்துக்கு 1 அடி நீளும் போதிகைகளை வைத்தால் அந்தத் தூரம் 5 அடியாகக் குறைகிறது. ஒரே சீரான பாரம் உத்திரத்தை வளைக்கும் விளைவு, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 7இன் வர்க்கம் 49. 5இன் வர்க்கம் 25. ஆக, இரண்டடி குறைந்ததில் வளைக்கும் விளைவு ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. போதிகையும் சிறிது வளையக்கூடியது என்பதால் நடைமுறையில் முழுப் பயன் கிடைக்காது. இருந்தாலும் இரண்டு சிறு கட்டைகளுக்கு இது பெரிய ஆதாயம். நீளமான நல்ல மரம் கிடைப்பது அரிது; குட்டையான துண்டு எந்த மரக்கடையிலும் கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தூணின் தலையில் ஒரு முளை செதுக்கி, போதிகையின் அடியில் அதற்கேற்ற குழி வெட்டி, ஒன்றில் ஒன்றை இறக்கிவிடுவது வழக்கம். ஆணி வேண்டியதில்லை. மேலிருந்து வரும் பாரமே அதை இறுக்கிப் பிடிக்கும். மண்டபத்தின் நடுவே, இரண்டு திசையிலும் உத்திரங்கள் குறுக்கிடும் இடத்தில், போதிகைக்கு நான்கு கைகள் இருக்கும். அகலம், உயரம், நீளம் அனைத்துக்கும் சிற்ப நூல்கள் தூணின் அகலத்தையே அளவுகோலாக எடுத்துக்கொள்கின்றன. தூண் பருத்தால் போதிகையும் அதே விகிதத்தில் பருக்கும்.

மரத்திலிருந்து கல்லுக்கு

விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள மண்டகப்பட்டில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு குடைவரை வெட்டுவித்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு விசித்திரசித்தன் அமைத்த கோயில் இது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெருமையோடு கூறுகிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். இன்னின்ன பொருள்கள் இல்லாமல் கட்டினேன் என்று ஒருவர் சொல்கிறார் என்றால், மற்றவர்களெல்லாம் அந்தப் பொருள்களைக் கொண்டுதான் கட்டினார்கள் என்பது பெறப்படும். அந்தக் கோயில்கள் இன்று இல்லை. மரம் மக்கிவிட்டது.

ஆனால் அந்த மரக்கோயில்களின் உருவம் குடைவரைகளில் பதிந்து கிடக்கிறது. இதற்குப் போதிகையைவிடத் தெளிவான சான்று இல்லை. குடைவரை என்பது பாறையைக் குடைந்து உருவாக்குவது. அதில் தூண், போதிகை, உத்திரம், கூரை எல்லாம் ஒரே பாறை. தனித்தனியாக எடுத்து வைத்தவை அல்ல. உத்திரம் எதன்மேலும் உட்காரவில்லை; போதிகை எதையும் தாங்கவில்லை. தூணை நேராகக் கூரைவரை விட்டிருந்தாலும் மலை இடிந்து விழாது. அப்படியிருந்தும் சிற்பி ஒவ்வொரு தூணிலும் உளியை வைத்துப் பொறுமையாகப் போதிகையைச் செதுக்கியிருக்கிறான். தூண் என்றால் அதன்மேல் போதிகை இருக்கும் என்று பழகிய கண்ணும் கையும் அவனுடையவை. தச்சனிடமிருந்து அவன் பெற்றது அது.

இதை வைத்துக் கல் போதிகை முழுவதும் வெறும் போலி என்று சில நூல்கள் எழுதிவிடுகின்றன. அது பாதி உண்மைதான். பல்லவர்கள் பின்னர் கற்களை அடுக்கிக் கட்டத் தொடங்கியபோது போதிகைக்கு மறுபடியும் வேலை வந்துவிட்டது. கல் நசுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. கருங்கல்லின் இழுவை வலிமை அதன் நசுக்க வலிமையில் பத்தில் ஒரு பங்கு அளவே. பல கற்களில் அதற்கும் குறைவு. கல் உத்திரம் ஒன்று தன் எடையாலேயே நடுவில் வளைய முற்படும்போது அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. மரம் என்றால் முனகும், தொங்கும், எச்சரிக்கை தரும். கல் எச்சரிக்கை தருவதில்லை. திடீரென்று விரிந்து இரண்டாகும். எனவே இடைவெளியைக் குறைக்கும் போதிகை மரக்கட்டடத்தைவிடக் கற்கட்டடத்துக்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஆயிரங்கால் மண்டபங்களில் தூண்கள் ஏன் அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன, போதிகைகள் ஏன் அவ்வளவு பருமனாக இருக்கின்றன என்பதற்கும் இதுவே விடை.

வடிவ மாற்றமும் காலக் கணிப்பும்

புதுச்சேரியில் ஆசிரியராகப் பணியாற்றிய பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய், தென்னிந்தியத் தொல்பொருளியல் பற்றி இரண்டு தொகுதிகளாக 1914இல் பாரிசில் ஒரு நூல் வெளியிட்டார். கோயில்களின் காலத்தை அறிய அவர் எடுத்துக்கொண்ட உறுப்புகளுள் போதிகை முதன்மையானது. அதுவரை கோயில்களைப் பற்றி எழுதிய ஐரோப்பியர் பலர் கோபுரத்தின் உயரத்தையும் மண்டபத்தின் பரப்பையும் வியந்துகொண்டிருந்தார்கள். துப்ராய் தமிழ்நாட்டுக் கைவினைஞர்கள் வழங்கிய பெயர்களையே கொண்டு ஒவ்வொரு சிறு உறுப்பையும் வரைந்து, காலவரிசையில் அடுக்கிப் பார்த்தார். அரசர்கள் மாறும்போது போதிகையின் முனை மாறிக்கொண்டே வந்திருப்பது தெரிந்தது.

பல்லவர் காலத்துப் போதிகையின் முனை கீழ்நோக்கி வளைந்து செல்லும். சில குடைவரைகளில் அந்த வளைவு வெறுமையாக இருக்கும். பலவற்றில் வரிவரியாக உருளைகள் செதுக்கப்பட்டிருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக வரும் அலைகளைப்போல இருப்பதால் இதற்குத் தரங்கப் போதிகை என்று பெயர். தரங்கம் என்றால் அலை. அலைகளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பட்டை ஓடும். அதில் கொடிக்கருக்கும் செதுக்குவார்கள். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் இந்த வகையைக் காணலாம்.

சோழர் காலத் தொடக்கத்தில் தரங்கம் தொடர்ந்தது. பிறகு வளைவு மறைந்து, முனை சாய்வாக நேராக வெட்டப்பட்டது. சாய்வின் நடுவே நாக்குப்போல ஒரு புடைப்பு விடப்பட்டது. இது வெட்டுப் போதிகை. அலங்காரம் மிகக் குறைவு. தஞ்சைப் பெரிய கோயிலின் அரைத்தூண்களில் இதைப் பார்க்கலாம். 1010இல் குடமுழுக்குக் கண்ட அவ்வளவு பெரிய கோயிலில், எதையும் செதுக்கும் ஆற்றல் இருந்தும், போதிகையை இத்தனை எளிமையாக விட்டிருப்பது கவனத்துக்குரியது. திருச்சிராப்பள்ளி டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையத்தைச் சேர்ந்தவர்களின் எழுத்தில் வரும் 'விரிகோணப் போதிகை' என்ற பெயர் முனை அமையும் கோணத்தைக் கொண்டு இடப்பட்டது.

பிற்காலச் சோழர், பாண்டியர் காலங்களில் அந்த நாக்கு மெல்லக் கீழே இறங்கத் தொடங்குகிறது. விசயநகர காலத்தில் அது முழுத் தாமரை மொட்டாகித் தலைகீழாகத் தொங்குகிறது. இதுவே பூமொட்டுப் போதிகை அல்லது புஷ்பப் போதிகை. வேலூர்க் கோட்டை சலகண்டேசுவரர் கோயில் மண்டபத்திலும் காஞ்சி வரதராசப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்திலும் இதன் அழகை நின்று பார்க்க வேண்டும். நாயக்கர் காலத்தில் மொட்டு இன்னும் நீண்டு வாழைப்பூவின் தோற்றத்துக்கு வந்துவிட்டது. மொட்டு பாரத்தில் எந்தப் பங்கும் ஏற்பதில்லை. பாரம் மேலேயுள்ள கையோடு நின்றுவிடுகிறது. கூட்டம் அதிகமுள்ள மண்டபங்களில் தாழ்வான போதிகைகளின் மொட்டுகள் உடைந்திருப்பதையும், கட்டடத்துக்கு அதனால் ஒன்றும் நேராதிருப்பதையும் பார்த்தால் இது விளங்கும்.

போதிகையின் வடிவத்தை மட்டும் வைத்துக் காலத்தை முடிவுகட்டுவது தவறு. பழைய பாணியை விடாமல் செய்த சிற்பிகள் எல்லாக் காலத்திலும் இருந்தனர். ஒரு வட்டாரத்தில் புதிய வடிவம் வந்து நெடுங்காலம் ஆன பிறகும் மற்றொரு வட்டாரத்தில் பழையது நீடித்தது. ஒரு கோயிலை இடித்து எடுத்த கற்களை இன்னொரு மண்டபத்தில் சேர்த்ததும் உண்டு. கல்வெட்டு, சிற்ப அமைதி, அதிட்டானத்தின் வரிசைகள் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் போதிகையின் சாட்சி செல்லும். கல்வெட்டே இல்லாத சிறு கோயில்களில் மட்டும் அதன் மதிப்பு கூடிவிடும். வயலோரத்தில் பாதி புதைந்து கிடக்கும் ஒரு சிவன் கோயிலுக்குப் பிறந்த தேதி சொல்லக்கூடியவை அங்கே மிகச் சிலவே.

வீடுகளில்

கோயில்களில் கல்லுக்கு மாறிய பிறகும் வீடுகளில் போதிகை மரமாகவே தொடர்ந்தது. திண்ணைத் தூணிலும் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத் தூணிலும் அது இருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்கில் செய்த தூண்களின் தலையில் கோயிற் போதிகையின் மொட்டு வடிவமே திரும்ப மரத்துக்கு வந்திருப்பதைக் காணலாம். தச்சனிடமிருந்து சிற்பிக்குப் போன உறுப்பு, பூவைச் சூடிக்கொண்டு தச்சனிடமே திரும்பிவந்திருக்கிறது. மரமும் கல்லும் ஒரே வளாகத்தில் இருப்பதைப் பார்க்க விரும்புவோருக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனை ஏற்ற இடம். அங்கே தாய்க்கொட்டாரம் மரவேலை. நவராத்திரி மண்டபம் கருங்கல் வேலை.

கம்பி கட்டிய கான்கிரீட் வந்த பிறகு போதிகைக்கு வேலை இல்லாமல் போயிற்று. கான்கிரீட் உத்திரத்தின் அடியில் உள்ள இரும்புக் கம்பி இழுவையைத் தாங்கிக்கொள்கிறது. தூணும் உத்திரமும் ஒன்றாக வார்க்கப்படுகின்றன. எனினும் புது வீட்டு முகப்புத் தூண்களில் சிமெண்டுப் பூச்சாலோ வார்ப்பு அச்சாலோ போதிகை வைத்துக்கொள்கிறார்கள். மகேந்திரவர்மனின் குடைவரையில் இருந்ததுபோலவே இங்கேயும் அது எதையும் தாங்காத போதிகை.

திருப்பணியின்போது

கோயில் திருப்பணிகளில் அதிகம் இழக்கப்படும் உறுப்புகளுள் போதிகையும் ஒன்று. மண்டபத்தைப் பிரித்துக் கட்டும்போது விரிசல் கண்ட போதிகையை எடுத்துவிட்டுப் புதிதாகச் செதுக்கி வைப்பார்கள். இன்றைய சிற்பக்கூடங்களில் பழக்கமான வடிவம் பூமொட்டுதான். அதனால் சோழர் காலத்துச் சுவரில், வெட்டுப் போதிகைகளின் வரிசை நடுவே, மொட்டுப் போதிகை ஒன்று திடீரென்று முளைத்துவிடும். ஐம்பது ஆண்டு கழித்து வரும் ஆய்வாளருக்கு அது தவறான சாட்சி சொல்லும். அழகாக இருக்கட்டுமே என்ற நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதுதான் இது. ஆனாலும் இழப்பு இழப்பே. பழைய வடிவத்தையே அளந்து செதுக்குவதற்குக் கூடுதல் செலவும் இல்லை. மொட்டைவிட வெட்டுப் போதிகைக்கு வேலை குறைவு.

மணலை வேகமாகப் பீய்ச்சித் தூண்களைத் தூய்மை செய்யும் முறையில் தரங்கத்தின் மெல்லிய வரிகளும் பட்டையில் உள்ள கொடிக்கருக்கும் தேய்ந்துபோகின்றன. சுண்ணாம்பும் எனாமல் வண்ணமும் தடித்துப் படிந்தால் வளைவுக்கும் வெட்டுக்கும் வேறுபாடே தெரியாமல் மூடிவிடும். ஆனால் சுண்ணாம்பைப் பொறுமையாக நீக்கிவிடலாம். தேய்ந்த வரியைத் திரும்பப் பெற முடியாது.

வீட்டுப் போதிகைகளின் கதை வேறு. பழைய வீடு இடிபடும்போது தூண் ஒரு கடைக்கும் போதிகை வேறொரு கடைக்கும் போய்விடுகிறது. தூணை விட்டுப் பிரிந்த போதிகை விளக்குத் தாங்கியாகவோ, சுவரில் பதித்த அலமாரிக்கு முட்டாகவோ மாறுகிறது. வாங்குபவருக்கு அது ஒரு அழகான மரச்செதுக்கு; பெயர் தெரியாது. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், தூணின் முளை இறங்கியிருந்த சதுரக் குழி இன்னமும் இருக்கும்.